செல்வராசா எட்டிப் பார்த்த வீடு

செல்வராசா வருகிறார் என்று தெரிந்தால் ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் உள்ள தமிழ் வீடுகளில் முதலில் படுக்கையறைக் கதவைச் சாத்துவார்கள். பிறகுதான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பார்கள்.

ஆள் கெட்டவரில்லை. ஐம்பத்தேழு வயது. இருபத்தாறு வருடமாக ஒரு சிறிய கம்பனியில் யன்னல் பூட்டும், அதாவது வீடுகளுக்கு யன்னல் பொருத்தும், வேலை. அவருடைய வேலையில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. கண்தான் ஓரிடத்தில் நில்லாது. விருந்துக்கு வந்து சோபாவில் இருந்து ஐந்து நிமிடம் ஆகியிராது, கழுத்தைத் தடவிக்கொண்டு, "எங்கையோ காத்து வருது. யன்னல் றப்பர் தேஞ்சுபோச்சுது போலை. ஒருக்கால் பாப்பம்" என்று எழும்பிவிடுவார். வீட்டில் எத்தனை அறையோ அத்தனை அறைக்கும் யன்னல் உண்டு. குளியலறைக்கும் ஒன்று உண்டு. மதீசனின் தலையில் இருப்பது சொந்த மயிர் இல்லை என்பதும், கழற்றி வைப்பதற்கென்றே அவரிடம் ஒரு மரத்தலை இருக்கிறது என்பதும் இப்படித்தான் வெளியே வந்தன. ஊரிலிருந்து அம்மா இடித்து அனுப்பியது என்று பார்கவி எல்லோருக்கும் கொடுத்துவந்த மிளகாய்த்தூள் கடைப் பைக்கற்றில் வந்தது என்பதும் அப்படியே.

வேண்டுமென்று அவர் சொல்வதில்லை. கண்டதைச் சொல்லாமல் வைத்திருந்தால் அவருக்கு மூச்சு முட்டும், அவ்வளவுதான். "ஊரெல்லாம் யன்னல் பூட்டுறியள், உங்கடை வாய்க்கும் ஒண்டு பூட்டுங்கோவன்" என்று அவருடைய மனைவி ஜெயமலர் இருபத்தைந்து வருடமாகச் சொல்லி வருகிறார்.

போன மார்ச் மாதத்தில் முதலாளி அவர் கையில் ஒரு புது வீட்டின் வரைபடத்தைக் கொடுத்தார். செல்வராசா அதைப் பார்த்தார். பிறகு தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். வீதிப் பக்கச் சுவரில் நான்கே நான்கு யன்னல்கள். ஒவ்வொன்றும் ஒரு சப்பாத்துப் பெட்டி அளவு. அதுவும் தரையிலிருந்து இரண்டேகால் மீற்றர் உயரத்தில். வீட்டின் நடுவில் வானம் பார்த்த ஒரு முற்றம், அதைச் சுற்றி நான்கு பக்கமும் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. சட்டையை உள்வெளியாகப் போட்டவன் மாதிரி இருந்தது அந்த வீடு.

வீட்டுக்காரி ஒரு பல் வைத்தியர். பெயர் டொக்டர் ரீம் கயாலி. சிரியாவில் அலெப்போ நகரத்தில் பிறந்தவர், நாற்பத்தைந்து வயது, தலையில் எப்போதும் சாம்பல் நிற முக்காடு. பாதி கட்டிய சுவர்களுக்கு நடுவே செல்வராசா அவரைச் சந்தித்தார். இருவரும் பேசிக்கொண்டது ஜேர்மன் மொழியில். அவருடையது கட்டட வேலைத் தளத்தில் கற்றது, டொக்டருடையது பரீட்சை எழுதிக் கற்றது.

"டொக்டர், வரைந்தவர் பிழை விட்டிருக்கிறார். யன்னல்களை உள்ளே போட்டுவிட்டார்."

"பிழையில்லை. நான்தான் அப்படிக் கேட்டேன்."

"வீதியைப் பார்க்க வேண்டாமா?"

"வீதி என்னைப் பார்க்க வேண்டாம்."

செல்வராசாவுக்கு இது தொழிலுக்குச் செய்த அவமானமாகப் பட்டது. ஆனாலும் விடவில்லை. இந்த அறையில் யார் படுப்பது? அது ஏன் வாசலுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு அறை? சமையலறைக்கு ஏன் இரண்டு வழி? கேட்கும்போதெல்லாம் இடது கையால் வாயை மறைத்துக்கொண்டார். அது அவருடைய பழைய பழக்கம்.

டொக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். அவருடைய ஊரில் பழைய வீடுகள் அப்படித்தான். கதவைத் திறந்தால் எதிரே வெறும் சுவர். ஒரு முறை திரும்பி நடந்தால்தான் முற்றம் வரும். கதவு திறந்து கிடந்தாலும் வீதியில் போகிறவன் உள்ளே இருப்பவர்களைக் காண முடியாது. விருந்தாளிக்கு வாசலோடு அறை. அவர் வந்து, சாப்பிட்டு, போகலாம். வீட்டுப் பெண்கள் அவருக்காக ஒரு கதவையும் சாத்த வேண்டியதில்லை. எதிர் வீட்டுக் கதவுக்கு நேரே கதவு வைப்பதில்லை. கூரையில் வேலைக்கு ஏறுகிறவன் ஏறுவதற்கு முன்னால் சத்தம் போட வேண்டும், அக்கம்பக்கத்து முற்றங்களில் இருப்பவர்கள் உள்ளே போய்விடுவார்கள். வீதிப் பக்கத்து யன்னலை ஒட்டகத்தில் போகிறவனுடைய கண்ணுக்கும் மேலே வைப்பார்கள்.

"டோர்ட்மண்டில் ஒட்டகம் இல்லையே, டொக்டர்."

"லொறி இருக்கிறதே. லொறி ஓட்டுநருடைய ஆசனம் எத்தனை மீற்றர் உயரம் என்று நான் அளந்துவிட்டேன்."

மாடியில் வீதியை நோக்கி நெருக்கமான மரத்தட்டி ஒன்று அடிப்பதாகவும் வரைபடத்தில் இருந்தது. அதற்குப் பின்னால் நின்றால் வெளியே எல்லாம் தெரியும், வெளியே நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது என்று டொக்டர் சொன்னபோது செல்வராசா வரைபடத்தில் அந்தத் தட்டியை விரலால் தடவிப் பார்த்தார். ஐம்பத்தேழு வருடத்தில் அப்படி ஒரு சாமானைப் பற்றி யாரும் அவருக்குச் சொல்லவில்லையே என்று இருந்தது.

பதினோராவது கேள்வியில் டொக்டர் சிரித்துவிட்டார். "ஹெர் செல்வராசா, என் மாமியார் பதினைந்து வருடத்தில் கேட்டதை நீங்கள் அரைமணி நேரத்தில் கேட்டுவிட்டீர்கள். எனக்கு உங்களைப் போல ஒருவர்தான் தேவை. வேலை முடியும்வரை எங்கெங்கிருந்து உள்ளே பார்க்க முடியும் என்று எட்டிப் பாருங்கள். எதைக் கண்டாலும் எனக்குச் சொல்லுங்கள். அந்த இடத்தை மூடுவோம்."

வாழ்நாள் முழுவதும் மற்றவர்களைச் சங்கடப்படுத்திய ஒரு குணம் அன்றைக்கு உத்தியோகமாயிற்று.

செல்வராசா அதை அக்கறையோடு செய்தார். வாசலில் நின்றார், குனிந்தார், கடிதப் பெட்டியின் வாயால் பார்த்தார். ஏணியில் ஏறி லொறி ஓட்டுநராக நின்றார். எதிர்ப்பக்கத்து நடைபாதையில் நாய் கூட்டிப் போகிறவர் போல வெறுங்கையை நீட்டிக்கொண்டு நடந்தார். ஒன்றும் தெரியவில்லை. பழைய காலத்துக் கொத்தர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

ஆனால் அந்தக் கொத்தர்களிடம் இவ்வளவு கண்ணாடி இருக்கவில்லை. முற்றத்துக் கண்ணாடிக் கதவைப் பூட்டிய அன்று, அதைத் திறந்து விட்டபடி அவர் வாசலுக்கு வந்தார். எதிரே வெறும் சுவர்தான். ஆனால் நடை திரும்புகிற மூலையில், திறந்து சாய்ந்து நின்ற கண்ணாடிக் கதவில், சமையலறையில் வேலையாட்கள் சாப்பிடப் போட்டிருந்த மேசை முழுதாகப் பிரதிபலித்தது. அதில் இருந்த தயிர்க் கிண்ணம் தெரிந்தது. கிண்ணத்தில் இருந்த கரண்டியும் தெரிந்தது.

"டொக்டர்!" என்று அவர் போட்ட சத்தத்தில் கூரையில் நின்ற ஆள் ஆணியைக் கீழே போட்டார்.

டொக்டர் வந்து, வாசலில் நின்று பார்த்து, வாயில் கை வைத்தார். மூன்று கட்டடக் கலைஞர்கள் பார்த்த வரைபடம் அது. ஒருவருக்கும் இது தோன்றவில்லை. செல்வராசா கதவின் பிணைச்சலை வலது பக்கத்திலிருந்து கழற்றி இடது பக்கத்தில் பூட்டினார். கதவு மற்றப் பக்கமாகத் திறந்தது. தயிர்க் கிண்ணம் மறைந்தது. அன்று முழுவதும் அவர் வேலைத் தளத்தில் ஒரு பேராசிரியர் மாதிரி நடமாடினார்.

மிச்சம் இருந்தது பக்கத்து வீட்டுப் பல்கனி. அது வீஸ்னர் என்பவருடையது. ஓய்வுபெற்ற ட்ராம் ஓட்டுநர், எழுபது வயது, தனி ஆள். கட்டட வேலை தொடங்கிய நாளிலிருந்து பல்கனியில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். செல்வராசா அளவுநாடாவோடு போய் மணியடித்ததும், தன் இனத்தைச் சேர்ந்த ஒருவரைக் கண்ட மகிழ்ச்சியோடு கதவைத் திறந்தார்.

"நான்கு மாதமாகப் பார்க்கிறேன்," என்றார் வீஸ்னர். "ஒன்றுமே விளங்கவில்லை. அப்படி எதைத்தான் மறைக்கப் போகிறார்கள்?"

இருவரும் பல்கனிக் கம்பியில் சாய்ந்தார்கள். பல்கனிக்கு எதிரே, டொக்டரின் மதிலுக்கு மேலும் ஒரு மரத்தட்டி அடித்தாயிற்று. ஆனால் தட்டிக்கு மேலால், குதிக்காலை உயர்த்தினால், முற்றத்தின் மூன்றில் ஒரு பங்கு தெரிந்தது.

மதியச் சாப்பாட்டு நேரம். வேலையாட்கள் வெளியே போயிருந்தார்கள். டொக்டர் ரீம் தனியாக முற்றத்துக்குள் வந்தார். கைப்பையை வைத்தார். சப்பாத்தைக் கழற்றினார். சாந்து குழைக்கிற வாளி ஒன்றில் தண்ணீர் பிடித்து, அதற்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு சீமெந்து மூட்டையில் உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் எழும்பி, முதுகை வளைத்து, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, கன்னத்தை உப்பிக்கொண்டு, ஈரக்காலோடு முற்றத்தைச் சுற்றி நடந்தார். சுவரில் விரலால் தடவித் தூசி பார்த்தார். இல்லாத மருமகளைத் திட்டினார். அது மாமியார் என்பதை விளங்கிக்கொள்ள அரபு மொழி தேவைப்படவில்லை. அச்சு அசல் நடிப்பு. செல்வராசாவுக்குச் சிரிப்பு நெஞ்சில் அடைத்தது.

பிறகு டொக்டர் மறுபடி மூட்டையில் உட்கார்ந்து, பெருமூச்சு விட்டு, முக்காட்டின் ஊசியில் கை வைத்தார்.

செல்வராசாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஏறுவதற்கு முன்னால் சத்தம் போட வேண்டும் என்று டொக்டர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இப்போது சத்தம் போட்டால் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றது தெரிந்துவிடும். போடாவிட்டால் அந்த ஊசி கழன்றுவிடும். அவர் முகத்தைச் சட்டென்று வீதிப் பக்கம் திருப்பினார். பக்கத்தில் வீஸ்னரின் கழுத்து இன்னும் நீண்டபடி இருந்தது.

"ஹெர் வீஸ்னர்! அந்தக் காலத்தில் இந்த வீதியால் எத்தனையாம் இலக்க ட்ராம் போனது?"

வீஸ்னரின் கழுத்து திரும்பியது. அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் பன்னிரண்டு வருடமாகக் கேட்டிருக்கவில்லை. எந்த ட்ராம், எந்த வளைவு, எந்தக் குளிர்காலத்தில் தண்டவாளம் உறைந்தது என்று தொடங்கியவர், செல்வராசாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ப் படங்களைக் காட்டினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொருவருடைய வீட்டுக்குள் இருந்துகொண்டு எப்போது வெளியே போகலாம் என்று செல்வராசா ஏங்கினார்.

பின்னேரம் டொக்டர் கேட்டார்: "பல்கனியிலிருந்து என்ன தெரிந்தது?"

"ஒன்றும் தெரியவில்லை."

"நல்லது."

"தட்டியை மட்டும் நாற்பது சென்ரிமீற்றர் உயர்த்த வேண்டும்."

டொக்டர் அவரைப் பார்த்தார். "ஒன்றும் தெரியவில்லை என்றால் ஏன் நாற்பது சென்ரிமீற்றர்?"

செல்வராசா அளவுநாடாவைச் சுருட்டத் தொடங்கினார். அது ஏற்கனவே சுருட்டித்தான் இருந்தது. டொக்டரின் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. பிறகு அவர் தரையைப் பார்த்துச் சிரித்தார்.

"வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு என் கிளினிக்குக்கு வாருங்கள். கீழ்வரிசைப் பல், இடது பக்கம். மிகவும் மோசமாக இருக்கிறது."

செல்வராசாவின் கை தானாக வாய்க்குப் போனது. "எப்போது கண்டீர்கள்?"

"முதல் நாளே."

"அப்போதே சொல்லியிருக்கலாமே!"

"நீங்கள்தான் கையால் மூடிக்கொண்டீர்களே."

வெள்ளிக்கிழமை பல்லைப் பிடுங்கினார்கள். செல்வராசா போட்ட சத்தம் காத்திருந்த நோயாளிகள் எல்லோருக்கும் கேட்டது. அந்தச் சத்தத்தைப் பற்றி டொக்டர் இன்றுவரை ஒருவரிடமும் பேசியதில்லை.

அந்த வாரக் கடைசியில் ஊன்ட்றொப் ஊரில் அம்மன் கோயில் தேர்த் திருவிழா. கால்வாய்க் கரையில் ஆயிரக்கணக்கான சனம். யன்னல் இல்லாத வீடு ஒன்று எழும்புகிறது, அதற்குள் போய் வருகிற ஒரே தமிழன் செல்வராசா என்ற கதை அவருக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. மோர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் பார்கவி மறித்துவிட்டார்.

"அண்ணை, அந்த வீட்டுக்கை அப்பிடி என்ன கிடக்கு? சொல்லுங்கோவன்."

செல்வராசா வாயைச் சுட்டிக் காட்டினார். உள்ளே பஞ்சு.

"ஐயோ, பேச ஏலாதோ? சரி, தலையையாவது ஆட்டுங்கோ. நீச்சல் குளம் கிடக்கோ?"

செல்வராசா தலையையும் ஆட்டவில்லை. பஞ்சை எடுத்து மூன்று வாரமாகியும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மதீசன் வலிய வந்து கேட்டார். "வீடுதான் கிடக்கு" என்பதே பதில். செல்வராசாவுக்கு என்னவோ சுகமில்லை, பல்லோடு சேர்த்து வேறு எதையோ பிடுங்கிவிட்டார்கள் என்று சனம் கதைத்தது.

வீட்டில் ஜெயமலருக்கு இது பொறுக்கவில்லை. வாய்க்கு யன்னல் பூட்டச் சொன்னவர் அவர்தான். ஆனால் தனக்கும் சேர்த்துப் பூட்டுவார் என்று அவர் நினைக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, எனக்குமோ சொல்ல மாட்டியள்?"

"அது அவையின்ரை வீடு, ஜெயா. அதுக்கை நடக்கிறது அவையின்ரை."

ஜெயமலர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கடை வீட்டுக்கை நடக்கிறது ஆரின்ரையாம்?"

இந்த இடத்தில் செல்வராசாவின் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வரிசை வீடுகளில் ஒன்று. பதினொரு வருடத்துக்கு முன் வாங்கியதும், முன்னறையின் வீதிப் பக்கச் சுவரை உடைத்து, மூன்று மீற்றர் அகலத்தில் ஒரே கண்ணாடியாக ஒரு யன்னலை அவர் தன் கையால் பூட்டினார். அதற்கு நேர் எதிரே பஸ் தரிப்பிடம். செல்வராசா இடுப்பில் சாரத்தோடு சோபாவில் இருந்து செய்தி பார்க்கும்போது, பஸ்ஸுக்கு நிற்பவர்களும் சேர்ந்து பார்ப்பார்கள். ஒருமுறை உதைபந்தாட்டத்தில் கோல் விழுந்தபோது வெளியேயிருந்து கைதட்டல் கேட்டது. அவருக்கு அது பெருமை. ஜெயமலர் அந்தச் சோபாவில் உட்கார்ந்து அவர் கண்டதில்லை. இதை அவர் அன்றைக்குத்தான் யோசித்தார்.

"நீர் ஏன் எப்பவும் குசினிக்கை அடுப்படியிலை நிண்டு சாப்பிடுறீர்?"

"பதினொரு வருசம் கழிச்சுக் கேக்கிறியள்."

"இப்பவெண்டாலும் சொல்லுமன்."

ஜெயமலர் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால், தொண்ணூற்று மூன்றில், அவர் ஜேர்மனியில் வந்து இறங்கியபோது அகதிகளை ஒரு பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் விட்டிருந்தார்கள். ஒன்பது குடும்பம், நடுவில் கட்டிலுக்குக் கட்டில் தொங்கவிட்ட படுக்கை விரிப்புகள். யார் குறட்டை விடுவது, யார் அழுவது, எந்தப் பெண்ணுக்கு எப்போது வயிற்றுக்குத்து என்று எல்லாருக்கும் தெரியும். ஒன்றரை வருடம் போர்வைக்குள் படுத்தபடியே உடுப்பு மாற்றினார். "சொந்த வீடு எண்டு வாங்கினால் ஒருத்தரும் பாக்காமல் காலை நீட்டிக்கொண்டு இருக்கலாம் எண்டு நினைச்சன். நீங்கள் கொண்டுவந்து என்னைக் கடைக் கண்ணாடிக்குள்ளை வைச்சிட்டியள்."

செல்வராசா அந்த யன்னலைத் திரும்பிப் பார்த்தார். அவர் தன் பங்குக்கும் ஒன்றைச் சொன்னார். அவர் வந்த புதிதில் இருந்தது நிலத்துக்குக் கீழே ஒரு அறை. ஒரேயொரு யன்னல். அதால் தெரிந்தது வீதியில் போகிறவர்களுடைய கால்கள் மட்டும். ஐந்து மாதம் ஜேர்மன்காரர்களைச் சப்பாத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டார். என்றைக்காவது முழு ஆட்களைப் பார்க்கிற மாதிரி ஒரு யன்னல் வைப்பேன் என்று அப்போதே தீர்மானித்துவிட்டார்.

"அதை நீங்கள் எனக்குச் சொல்லேல்லை," என்றார் ஜெயமலர்.

"நீரும் சொல்லேல்லை."

சனிக்கிழமை அவர் கண்ணாடியில் ஒட்டுகிற பால்நிறத் தாள் ஒரு சுருள் கொண்டுவந்தார். ஜெயமலரைச் சோபாவில் இருத்தி, காலை நீட்டச் சொல்லிவிட்டு, வெளியே போய்ப் பார்த்தார். நடைபாதையிலிருந்து பார்த்தார், பஸ் தரிப்பிடத்து வாங்குப் பலகையில் ஏறி நின்று பார்த்தார். பஸ் வந்ததும் ஏறி, பின் ஆசனத்திலிருந்து பார்த்து, அடுத்த தரிப்பில் இறங்கி நடந்து வந்தார். வாங்கில் இருந்த ஒரு ஜேர்மன்காரப் பெண்மணி, பொலிசைக் கூப்பிடவா என்று யன்னலுக்கு ஊடாகக் கையால் கேட்டதற்கு, அது என் புருஷன்தான் என்று ஜெயமலரும் கையாலேயே பதில் சொன்னார். கடைசியில் ஒரு மீற்றர் எழுபது உயரத்துக்குத் தாள் ஒட்டப்பட்டது. மேலால் வெளிச்சமும் வானமும் வந்தன. நின்றுகொண்டு பார்த்தால் செல்வராசாவுக்கு வீதி தெரிந்தது. குதிக்காலைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும்.

யன்னல் மூடினால் வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்றுதான் ஊர் நினைக்கும். அந்த ஒரு வாரத்தில் பதினான்கு பேர் வந்தார்கள். யாருக்குச் சுகமில்லை, யார் செத்தது, மகள் அஜிதா மூனிச்சிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு வந்துவிட்டாளோ என்று விசாரித்தார்கள். கடைசியாகப் பார்கவி ஒரு சட்டி நிறைய மோதகத்தோடு வந்தார். செல்வராசா கதவைத் திறந்து, நிலைக்கு நிலை கையை ஊன்றி நின்றார்.

"அண்ணை, அக்கா எங்கை?"

"இருக்கிறா."

"சுகமில்லையோ?"

"நல்ல சுகம். அதுதான் இருக்கிறா."

பார்கவி இடது பக்கத்தால் பார்த்தார், வலது பக்கத்தால் பார்த்தார். செல்வராசாவின் வயிறு மட்டுமே தெரிந்தது. மோதகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

உள்ளே ஜெயமலர் சோபாவில் காலை நீட்டி, தலைக்குக் கீழே இரண்டு தலையணையோடு, ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சியோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். வெடிச்சிரிப்பு. நடுவில் "உவர் பஸ்ஸிலை ஏறி…" என்று மட்டும் செல்வராசாவின் காதில் விழுந்தது. அவர் மோதகச் சட்டியோடு குசினிக்குள் போனார். கதவை ஒருக்களித்து நின்றால் முழுக்கதையும் கேட்கும். அவர் ஒரு மோதகத்தை எடுத்துக் கடித்தார், கொஞ்ச நேரம் கதவைப் பார்த்தார். பிறகு அடுப்புக்கு மேலே இருந்த, இரைச்சலுக்குப் பேர்போன புகை இழுக்கும் விசிறியை ஆகக் கூடிய வேகத்தில் போட்டுவிட்டார்.